லடாக் கிரானைட்டும் மனாஸ்லு கிரானைட்டும்: மலைத்தொடரின் மாக்மாப் பாறைகளுக்கு வயதும் பிறப்பிடமும் கண்டறியும் முறை

இமயமலைப் பகுதியின் புவியியல் வரைபடத்தில் கிரானைட் பாறைகள் இரண்டு தனித்தனிப் பட்டைகளாகக் காணப்படும். வடக்கில் இருப்பது லடாக் பாத்தோலித் எனப்படும் மாபெரும் கிரானைட் திரள். லே நகருக்கு வடக்கே எழும் வறண்ட குன்றுகளும், கர்துங் லா கணவாய்க்கு ஏறும் சாலையோரப் பாறைகளும் இதைச் சேர்ந்தவையே. சிந்து ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி இது ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. தெற்கே, உயர் இமயத்தின் சிகரங்களிலேயே, மற்றொரு பட்டை துண்டு துண்டாகத் தென்படுகிறது. நேபாளத்தின் மனாஸ்லு, எவரெஸ்டுக்கு அருகிலுள்ள மக்காலு, கங்கோத்ரிக்கு மேலே நிற்கும் சிவலிங்கம் சிகரம் ஆகியவற்றின் வெளிறிய பாறை இந்த இரண்டாம் பட்டையினது.

இரண்டுமே கிரானைட் குடும்பத்தைச் சேர்ந்தவை. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா ஆகிய கனிமங்கள் இரண்டிலும் உண்டு. ஆனால் ஒன்று இமயமலை என்ற ஒன்றே இல்லாதிருந்த காலத்தில், இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே கடல் கிடந்தபோது உருவானது. மற்றொன்று அந்தக் கடல் மறைந்து, இரு கண்டங்களும் மோதி, மலையின் அடிப்பகுதி தடித்துச் சூடேறிய பிறகு அந்த மலையின் உட்பாறையே உருகிப் பிறந்தது. இதைப் புவியியலாளர்கள் எப்படி அறிந்தார்கள் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அவர்கள் பாறையிடம் கேட்பவை இரண்டு கேள்விகள்: எதிலிருந்து உருகினாய், எப்போது உறைந்தாய்? முதல் கேள்விக்குப் புவிவேதியியலும் இரண்டாவதற்குக் கதிரியக்கக் காலக்கணிப்பும் விடை தருகின்றன. இவ்விரண்டும் தனித்தனித் துறைகள்போலக் கற்பிக்கப்பட்டாலும், ஒன்றின் விடையை மற்றொன்றின் துணையின்றி நம்ப முடியாது என்பதை மனாஸ்லு கிரானைட் நன்கு எடுத்துக்காட்டும்.

முதலில், மலைத்தொடர்களில் மாக்மா எனப்படும் உருகிய பாறைக்குழம்பு ஏன் உண்டாகிறது என்பதைப் பார்த்துவிடலாம். நம் காலடியில் உருகிய பாறைக் கடல் ஒன்று எங்கும் பரவிக் கிடக்கிறது என்ற எண்ணம் பலரிடம் உண்டு, அது சரியன்று. புவியின் மேலோடும் அதற்குக் கீழுள்ள கவசமும் பெரும்பாலும் திடப்பொருளே. அவை உருகுவதற்குத் தனிக் காரணம் வேண்டும். கடலடித் தட்டு ஒன்று கண்டத்துக்கு அடியில் அமிழும்போது, அதன் கனிமங்களில் பிணைந்திருந்த நீர் வெளியேறி மேலே உள்ள கவசப் பாறைக்குள் ஏறுகிறது. நீர் சேர்ந்தால் பாறையின் உருகுநிலை பல நூறு டிகிரி குறையும். அதனால் கவசம் பகுதியளவில் உருகி மாக்மாவைத் தருகிறது. ஆண்டிஸ் மலைத்தொடரில் இன்றும் நடப்பது இதுவே. கண்டமும் கண்டமும் மோதும்போது நடப்பது வேறு. அங்கே மேலோடு மடிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, வழக்கமான 35, 40 கிலோமீட்டரிலிருந்து ஏறத்தாழ இரு மடங்காகத் தடிக்கிறது. ஆழத்தில் புதைந்த பழைய களிமண் படிவுகள் தம்முள் இருக்கும் கதிரியக்கத் தனிமங்களின் வெப்பத்தாலும் சூழ்ந்த பாறையின் வெப்பத்தாலும் சில கோடி ஆண்டுகளில் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்நிலையில் மஸ்கோவைட் என்னும் வெண்மைக்கா சிதைந்து தன்னிடமுள்ள நீரைக் கொடுக்க, பாறையின் ஒரு பகுதி உருகுகிறது.

இந்த இரண்டு வழிகளும் பாறையில் வேறுவேறு வேதிச் சுவடுகளை விட்டுச் செல்கின்றன. பாறையைப் பொடியாக்கிச் செய்யும் முதல் பகுப்பாய்வில் சிலிக்கா, அலுமினா, சுண்ணாம்பு, சோடா, பொட்டாஷ் முதலிய முதன்மை ஆக்சைடுகளின் விழுக்காடு தெரியவரும். அவற்றுள் கிரானைட்டுக்கு மிக உதவுவது, அலுமினாவின் அளவைச் சுண்ணாம்பு, சோடா, பொட்டாஷ் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையோடு மூலக்கூறு எண்ணிக்கையில் ஒப்பிடும் விகிதம். 1974-இல் ஆஸ்திரேலியப் புவியியலாளர்களான புரூஸ் சாப்பலும் ஆலன் வைட்டும், தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் லாக்லன் மடிப்பு மண்டலத்துக் கிரானைட்டுகளை ஆராய்ந்து, அவற்றை இரு வகைகளாகப் பிரித்தார்கள். தீப்பாறை மூலத்திலிருந்து உருகியவை ஐ-வகை. படிவுப்பாறை மூலத்திலிருந்து உருகியவை எஸ்-வகை. பாறை வானிலையால் சிதைந்து களிமண்ணாகும்போது சோடாவும் சுண்ணாம்பும் நீரோடு போய்விட, அலுமினா தங்கிவிடுகிறது. ஆகவே களிமண்ணிலிருந்து உருகிய எஸ்-வகைக் கிரானைட்டில் மேற்சொன்ன விகிதம் 1.1-ஐத் தாண்டும். எஞ்சிய அலுமினாவைத் தீர்க்க மஸ்கோவைட், கார்னெட், டூர்மலைன் போன்ற கனிமங்கள் விளைகின்றன. மனாஸ்லு, சிவலிங்கம் பாறைகளில் காணப்படும் கருநிற டூர்மலைன் ஊசிகளும் வெண்மைக்கா ஏடுகளும் இதன் கண்கண்ட அடையாளங்கள். லடாக் பாறைகளிலோ கருங்கனிமமான ஹார்ன்பிளெண்டும் கருமைக்காவான பயோடைட்டும் மிகுதி. பெரும்பாலானவற்றில் விகிதம் 1.1-க்குக் கீழேதான் நிற்கிறது.

முதன்மை ஆக்சைடுகளைவிட நுண்ணளவுத் தனிமங்கள் நுட்பமான சாட்சிகள். பத்து லட்சத்தில் சில பங்கு முதல் சில நூறு பங்கு என்ற அளவிலேயே இருக்கும் நியோபியம், டான்டலம், ருபீடியம், இட்ரியம், அருமண் தனிமங்கள் ஆகியவற்றை, அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் இன்றைய நிறைமாலைமானிகள் எளிதில் அளந்துவிடுகின்றன. அமிழும் தட்டிலிருந்து ஏறும் நீர், ருபீடியம், பேரியம், ஸ்ட்ரான்சியம் போன்றவற்றைக் கரைத்துக் கொண்டுசெல்லும். நியோபியத்தையும் டான்டலத்தையும் பெரும்பாலும் விட்டுவிடும். இதனால் அமிழ்தல் மண்டலத்து மாக்மாவில் நியோபியம் அண்டைத் தனிமங்களோடு ஒப்பிடக் குறைந்து, வரைபடத்தில் ஒரு பள்ளம்போலத் தெரியும். லடாக் பாறைகளில் இந்தப் பள்ளம் தெளிவாகவே இருக்கிறது. ஜூலியன் பியர்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1984-இல் வெளியிட்ட, ருபீடியம், இட்ரியம், நியோபியம் ஆகியவற்றின் அளவைக் கொண்டு கிரானைட் பிறந்த சூழலைப் பிரிக்கும் வரைபடங்கள் இன்றும் ஏறக்குறைய எல்லா ஆய்வுக் கட்டுரைகளிலும் இடம்பெறுகின்றன. ஆயினும் புள்ளி எந்தக் கட்டத்தில் விழுந்தது என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடும் கட்டுரைகளைச் சற்று ஐயத்தோடு படிப்பதே நல்லது. கண்டங்களின் மேலோட்டில் பெரும்பகுதி பழைய அமிழ்தல் மண்டலங்களில் உருவானது; அது பின்னொரு காலத்தில் வேறு காரணத்தால் உருகினாலும் நியோபியப் பள்ளம் அந்தப் புது மாக்மாவுக்கும் வழிவழியாக வந்து சேரும். அந்தச் சுவடு மூலப்பாறையின் கடந்த காலத்தைக் காட்டுகிறதா, உருகிய காலத்துச் சூழலைக் காட்டுகிறதா என்பதை அதை மட்டும் கொண்டு தீர்மானிக்க இயலாது. பழைய பாறைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: ருபீடியம், பொட்டாசியம் போன்றவை பின்னாளில் பாறைக்குள் ஊறிய வெந்நீரால் இடம்பெயரக்கூடியவை. சிர்க்கோனியம், டைட்டானியம், இட்ரியம் போன்ற அசையாத தனிமங்களையே அங்கே முதலில் நம்ப வேண்டும்.

மூலப்பாறையைப் பற்றி மேலும் உறுதியாகச் சொல்வன ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுவகைகள். ருபீடியம்-87 மிக மெதுவாக, சுமார் 4,960 கோடி ஆண்டு அரை ஆயுளுடன் (அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம்), ஸ்ட்ரான்சியம்-87 ஆகச் சிதைகிறது. ஆகவே ருபீடியம் மிகுந்த பாறையில் காலம் செல்லச் செல்ல ஸ்ட்ரான்சியம்-87-க்கும் ஸ்ட்ரான்சியம்-86-க்கும் உள்ள விகிதம் உயரும். புவி தோன்றியபோது ஏறத்தாழ 0.699 ஆக இருந்த இந்த விகிதம், ருபீடியம் அரிதான கவசத்தில் இன்றும் 0.703 அளவைத்தான் எட்டியிருக்கிறது. ருபீடியம் செறிந்த பழைய களிமண் பாறைகளிலோ 0.72, 0.74 என்று ஏறிப்போகும். பாறை உருகும்போது இந்த விகிதம் மாறாமல் மாக்மாவுக்குக் கைமாறுவதுதான் இம்முறையின் வலிமை. லடாக் பாத்தோலித் உறைந்தபோது அதில் இருந்த தொடக்க விகிதம் பெரும்பாலும் 0.704, 0.705 அளவில் இருக்கிறது; அதாவது கவசத்திலிருந்து நேரே வந்த பொருளோ, வந்து அதிகக் காலம் ஆகாத பொருளோதான் அதில் பெரும்பங்கு. மனாஸ்லுவில் அதே விகிதம் 0.74-ஐத் தாண்டுகிறது. கவசத்தின் பங்கு அங்கே இல்லை என்றே சொல்லிவிடலாம். நெடுங்காலம் மேலோட்டில் கிடந்த படிவுப்பாறைதான் உருகியிருக்கிறது. சமாரியம்-147 சிதைவதால் பிறக்கும் நியோடிமியம்-143-இன் விகிதமும் இதையே உறுதிப்படுத்துகிறது.

இனி, காலம். தீப்பாறைகளின் வயதைக் கணக்கிட இன்று முதன்மையாகப் பயன்படுவது சிர்கான் என்னும் சிறு படிகம். அது சிர்க்கோனியம் சிலிக்கேட்; பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு நீளமே இருக்கும். சிர்கான் வளரும்போது சிர்க்கோனியத்தின் இடத்தில் யுரேனியத்தை ஓரளவு ஏற்றுக்கொள்ளும். அளவிலும் மின்னூட்டத்திலும் பொருந்தாத ஈயத்தை ஏறக்குறைய முற்றிலும் ஒதுக்கிவிடும். எனவே பின்னாளில் அதனுள் காணப்படும் கதிரியக்க ஈயம் அனைத்தும் படிகம் உருவான பிறகு யுரேனியம் சிதைந்து வந்தது என்று கொள்ளலாம். யுரேனியம்-238 சிதைந்து ஈயம்-206 ஆகிறது. அரை ஆயுள் 446.8 கோடி ஆண்டு. யுரேனியம்-235 சிதைந்து ஈயம்-207 ஆகிறது. அரை ஆயுள் 70.4 கோடி ஆண்டு. ஒரே படிகத்துக்குள் வேறுவேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள் கிடைப்பது பெரும் வாய்ப்பு. இரண்டும் ஒரே வயதைக் காட்டினால் படிகத்திலிருந்து ஈயம் கசியவில்லை என்று நம்பலாம்; முரண்பட்டால் இடையில் ஏதோ நிகழ்ந்திருக்கிறது. இரு கடிகாரங்களும் ஒத்துப்போகும் புள்ளிகளை இணைக்கும் வளைகோட்டை 1956-இல் ஜார்ஜ் வெதரில் கன்கார்டியா என்று பெயரிட்டு முன்வைத்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வரைபடமே இத்துறையின் அன்றாடக் கருவி. ஆனால் இன்றைய யுரேனியத்தில் ஏறத்தாழ 138 பங்குக்கு ஒரு பங்கே யுரேனியம்-235 என்பதால், சில கோடி ஆண்டு வயதே உடைய இளம் பாறைகளில் ஈயம்-207 மிகக் குறைவாகத்தான் சேர்ந்திருக்கும். அவற்றுக்கு யுரேனியம்-238 தரும் வயதையே பெரிதும் சார்ந்திருக்க வேண்டும். 100 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட தொன்மையான பாறைகளில்தான் இரு ஈயங்களின் விகிதம் கூர்மையான வயதைத் தருகிறது.

ஆய்வகத்தில் இதற்கான வேலை பொறுமையைக் கேட்பது. சில கிலோ பாறையை நொறுக்கிச் சலித்து, நீரோட்ட மேசையிலும் அடர்த்தி மிகுந்த திரவங்களிலும் இட்டு, கனமான கனிமங்களைப் பிரித்து, காந்தத்தால் மேலும் வடித்து, எஞ்சுவதிலிருந்து நுண்ணோக்கியின் கீழே சிர்கான்களை ஊசியால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். பிறகு அவற்றைப் பிசினில் பதித்து, பாதியளவு தேயும்வரை மெருகேற்றி, மின்னணுக் கற்றையைப் பாய்ச்சி ஒளிரவைத்துப் படமெடுப்பார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களை நினைவூட்டும் வளர்ச்சிப் பட்டைகள் அப்போது தெரியும். இந்தப் படத்தை எடுக்காமல் அளக்கப்பட்ட வயதுகளுக்கு இன்று யாரும் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் காம்ப்ஸ்டன் குழுவினர் உருவாக்கி, 1980-களில் புகழ்பெற்ற ஷ்ரிம்ப் என்னும் அயனிக் கற்றைக் கருவி, ஒரே படிகத்தின் உள்கருவையும் வெளி விளிம்பையும் தனித்தனியே அளக்க வழிசெய்தது. இன்று லேசர் கொண்டு சுமார் 30 மைக்ரான் அகலக் குழியைச் சுட்டு அளக்கும் முறை எங்கும் பரவியிருக்கிறது. அதன் பிழை நூற்றுக்கு ஒன்று, இரண்டு அளவில் நிற்கும். படிகத்தை அமிலத்தில் முழுதாகக் கரைத்து அளக்கும் பழைய முறை அதைவிடப் பத்து மடங்கு துல்லியமானது. ஆனால் கருவையும் விளிம்பையும் அது கலந்துவிடக்கூடும்.

லடாக் பாத்தோலித்தில் இந்த முறை சிக்கலின்றிப் பலன் தந்தது. கார்கில் பகுதியில் சுமார் 10 கோடி ஆண்டு வயதுள்ள பாறைகள் உண்டு. லே பகுதியின் பெருந்திரள் ஏறத்தாழ 6.8 கோடி முதல் 5 கோடி ஆண்டு வரையான காலத்தில் தவணை தவணையாக ஏறி உறைந்திருக்கிறது. அதன் பிறகு மாக்மா ஏறக்குறைய வற்றிவிடுகிறது, 4.7 கோடி, 4.6 கோடி ஆண்டு வயதுள்ள சிறு ஊடுருவல்களே மிச்சம். தெற்கே சான்ஸ்கர் மலைகளில் கடல் சுண்ணாம்புப் படிவுகள் நின்றுபோவதும், ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேலாக வடக்கே விரைந்துகொண்டிருந்த இந்தியத் தட்டின் வேகம் திடீரெனக் குறைவதும் ஏறத்தாழ இதே 5 கோடி ஆண்டையொட்டித்தான். கடலடித் தட்டு தீர்ந்துபோனதால் நீர் வருவது நின்று மாக்மாவும் நின்றது என்று இம்மூன்றையும் சேர்த்துப் படிக்க முடிகிறது. வயது மட்டும் கிடைத்து வேதியியல் கிடைக்காமல் போயிருந்தால், நின்றது அமிழ்தல் மாக்மா என்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

மனாஸ்லுவுக்கு வரும்போது அதே சிர்கான் ஏமாற்றத் தொடங்குகிறது. அங்கே பொறுக்கிய படிகங்களின் நடுப்பகுதியை அளந்தால் 50 கோடி, 80 கோடி, 100 கோடி என்று பல வயதுகள் வரும். பொங்கிய சோற்றில் நறுக்கரிசி நிற்பதுபோல, மூலப்பாறையிலிருந்த பழைய சிர்கான்கள் மாக்மாவில் கரையாமல் அப்படியே தங்கிவிட்டதே இதற்குக் காரணம். ஏன் கரையவில்லை என்பதற்கு விடை வேதியியலில் இருக்கிறது. மாக்மா எவ்வளவு சிர்க்கோனியத்தைக் கரைக்கும் என்பது அதன் வெப்பநிலையையும் வேதியமைப்பையும் பொறுத்தது என்பதை 1983-இல் புரூஸ் வாட்சனும் மார்க் ஹாரிசனும் சோதனைகள் மூலம் நிறுவினார்கள். வெப்பம் மிகுந்த, அலுமினா அளவாக உள்ள மாக்மா சிர்கானைத் தாராளமாகக் கரைக்கும். 700 டிகிரியை ஒட்டி உருகிய, அலுமினா மிகுந்த மாக்மாவால் மிகக் குறைவாகவே கரைக்க முடியும். லடாக் மாக்மா முதல் வகை. மனாஸ்லு மாக்மா இரண்டாம் வகை. பாறையில் உள்ள சிர்க்கோனியத்தின் அளவையும் அலுமினா விகிதத்தையும் முன்கூட்டியே அளந்துவிட்டால், அந்தப் பாறையின் சிர்கான் வயதுகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை ஒரு படிகத்தையும் சுடாமலே ஊகிக்க முடியும். வேதியியலையும் காலக்கணிப்பையும் பிரிக்கக்கூடாது என்று தொடக்கத்தில் சொன்னதன் பொருள் இதுதான்.

கரையாத பழைய கருக்கள் வீணானவையும் அல்ல. அவற்றின் வயதுப் பட்டியல் எந்தப் படிவுப்பாறை உருகியது என்பதற்குத் துப்புத் தருகிறது. இமயத்தில் சுமார் 50 கோடி ஆண்டுக்கு முன்பும் ஒரு கிரானைட் காலம் இருந்தது. இமாசலப் பிரதேசத்தின் மண்டி கிரானைட் அதைச் சேர்ந்தது. கருக்கள் தந்த அந்த வயதை மனாஸ்லு கிரானைட்டின் வயது என்று எடுத்துக்கொண்டிருந்தால், மலை பிறப்பதற்கு 45 கோடி ஆண்டுக்கு முன்பே மலையின் கிரானைட் பிறந்துவிட்டதாக முடிந்திருக்கும்.

உண்மையான வயதை அறியப் பிறகு கைகொடுத்தது மோனசைட் என்னும் அருமண் பாஸ்பேட். கேரளம், கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் தோரியத்துக்காகப் பேசப்படும் அதே கனிமம்தான் இது. மோனசைட்டில் தோரியம் மிகுதி என்பதால் தோரியம்-232 சிதைந்து ஈயம்-208 ஆகும் மூன்றாவது கடிகாரத்தைப் பயன்படுத்தலாம். யுரேனியக் கடிகாரத்தை இங்கே அப்படியே நம்பவும் கூடாது. யுரேனியம்-238-இன் சிதைவுத் தொடரில் இடையே வரும் தோரியம்-230-ஐயும் மோனசைட் வளரும்போதே மிகையாக ஏற்றுக்கொள்கிறது; அதனால் ஈயம்-206 உரிய அளவைவிடச் சற்றுக் கூடி, இளம் பாறைகளின் வயதை உயர்த்திக் காட்டிவிடும். தோரியம்-ஈயம் முறையில் மனாஸ்லு கிரானைட் ஏறத்தாழ 2.3 கோடி, 1.9 கோடி ஆண்டுகளுக்கு முன் இரு கட்டங்களாக ஏறியது தெரியவந்தது. சிவலிங்கம் பாறையும் சுமார் 2.3 கோடி ஆண்டு வயதையே தருகிறது. அதாவது மோதல் தொடங்கி ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டு கழிந்த பிறகே இந்த மாக்மா பெருகியிருக்கிறது. தடித்த மேலோடு சூடேறுவதற்கு அவ்வளவு காலம் ஆகும் என்பதோடு இது பொருந்துகிறது.

முன்பு பெரிதும் பயன்பட்ட ருபீடியம்-ஸ்ட்ரான்சியம் நேர்கோட்டு முறை இங்கே தோற்றுப்போனதும் கவனிக்கத்தக்கது. பல மாதிரிகளின் விகிதங்கள் வரைபடத்தில் அமையும் நேர்கோட்டின் சாய்விலிருந்து வயதைக் கணக்கிடும் அம்முறையில், ஒரே மாக்மாவிலிருந்து உறைந்த அம்மாதிரிகள் ஒரே தொடக்க விகிதத்தோடு புறப்பட்டன என்று கொள்ள வேண்டும். மனாஸ்லுவிலோ மாதிரிக்கு மாதிரி தொடக்க விகிதமே வேறுபடுகிறது. மூலப்பாறையின் வெவ்வேறு அடுக்குகளிலிருந்து சிறு சிறு உருகல்களாக வந்து, முழுமையாகக் கலக்காமலேயே உறைந்த மாக்மா அது. காலக்கணிப்புக்குத் தடையாக நின்ற அந்தக் குளறுபடியே, மாக்மா எப்படித் திரண்டது என்பதற்குச் சான்றாகிவிட்டது.

‘வயது’ என்று செய்திகளில் வரும் எண்ணைப் படிக்கும்போது, அது எந்தக் கனிமத்தின் எந்த நிகழ்வைக் குறிக்கிறது என்று கேட்டுக்கொள்வது அவசியம். பொட்டாசியம்-40 சிதைந்து பிறக்கும் ஆர்கான் ஒரு வாயு; பாறை சூடாக இருக்கும்வரை கனிமத்திலிருந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். ஹார்ன்பிளெண்ட் ஏறத்தாழ 500 டிகிரிக்குக் கீழும், மஸ்கோவைட் சுமார் 400 டிகிரிக்குக் கீழும், பயோடைட் சுமார் 300 டிகிரிக்குக் கீழும் குளிர்ந்த பிறகே அதைத் தேக்கிவைக்கத் தொடங்கும். எனவே ஆர்கான் வயது பாறை குளிர்ந்த காலத்தைச் சொல்கிறது. உறைந்த காலத்தை அன்று. ஒரே பாறையில் சிர்கான் 900 டிகிரியிலும் கசியாத கடிகாரமாக நிற்க, பயோடைட் அதைவிடக் கோடி ஆண்டு இளைய வயதைக் காட்டலாம். இரண்டுமே சரி, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்து அந்தப் பாறை எவ்வளவு வேகமாக மேலே தூக்கப்பட்டுக் குளிர்ந்தது என்பதைக் கணக்கிடுகிறார்கள்.

அண்மைக் காலத்தில் இரு கேள்விகளையும் ஒரே படிகத்திடம் கேட்க முடிகிறது. சிர்கானின் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு ஹாஃப்னியம். அதைப் பிறப்பிக்கும் லுட்டீசியமோ மிகச் சொற்பம். ஆகவே படிகம் உறைந்த கணத்தில் மாக்மாவுக்கு இருந்த ஹாஃப்னியம் ஐசோடோப் விகிதம் கிட்டத்தட்ட மாறாமல் அதற்குள் தங்கிவிடுகிறது. யுரேனியம்-ஈய வயது கிடைத்த அதே பட்டையில் லேசரை மீண்டும் பாய்ச்சினால் மாக்மாவின் மூலமும் தெரிந்துவிடும். லடாக்கிலும் அதன் மேற்குத் தொடர்ச்சியான பாகிஸ்தானின் கோகிஸ்தானிலும் இப்படி அளந்தபோது, சுமார் 5 கோடி ஆண்டு வரை கவசச் சாயலே மேலோங்கியிருந்த மாக்மாவில் அதன் பிறகு பழைய மேலோட்டின் பங்கு தலைகாட்டுவது தெரிந்தது. இதைக் கொண்டு ஒரு தரப்பு, லடாக்கும் கோகிஸ்தானும் அமிழும் கடலடித் தட்டின் மேல் எழுந்த எரிமலைத் தீவுத்தொடராக (தீவு வளைவாக) இருந்தன என்றும், இந்தியா முதலில் 5 கோடி ஆண்டுக்கு முன் இந்தத் தீவு வளைவின் மீது மோதி, 4 கோடி ஆண்டுக்கு முன்புதான் இரண்டும் சேர்ந்து ஆசியாவைத் தொட்டன என்கிறது. மறு தரப்போ, தீவு வளைவு அதற்கு வெகு காலம் முன்பே ஆசியாவோடு ஒட்டிவிட்டது என்று வாதிடுகிறது. பிணக்கு, பிந்தைய மாக்மாவில் கலந்த பழைய மேலோடு இந்தியாவினுடையதா ஆசியாவினுடையதா என்பதில்தான் இருக்கிறது. ஒரே தனிமத்தின் விகிதத்தைக் கொண்டு அவ்விரண்டையும் பிரிப்பது கடினம் என்பதால், அதே பாறைகளின் நியோடிமியம், ஸ்ட்ரான்சியம், ஈயம் ஆகியவற்றின் ஐசோடோப்புகளையும் சேர்த்து அளந்து பார்க்கிறார்கள்.